பதநீரும் பீப்பாயும் பனிக்கட்டியும்

இரண்டு கலயங்களை மனக்கண்ணால் பாருங்கள். இரண்டும் ஒரே பனையில், ஒரே மாலையில், அடுத்தடுத்த பாளைகளில் கட்டப்பட்டவை. ஒரு கலயத்தின் உட்புறத்தில் பனையேறி சுண்ணாம்பு தடவியிருக்கிறார், மற்றதில் தடவவில்லை. விடிந்ததும் இறக்கிப் பார்க்கிறோம். முதல் கலயத்தில் இருப்பது பதநீர், குழந்தைக்கும் கொடுக்கலாம். இரண்டாவதில் நுரை தள்ளிக்கொண்டிருப்பது கள். அதை இறக்குவது தமிழ்நாட்டில் சட்டப்படி குற்றம். பானம் ஒன்றே, மரம் ஒன்றே. உணவுக்கும் குற்றத்துக்கும் இடையே இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு!

வீரகேரளம்புதூர்ப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு ஏதும் இராது. ஆனால் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். இனிப்பான சாறு எதுவுமே தானாக நிற்பதில்லை. கரும்புச் சாறானாலும், பனஞ்சாறானாலும், திராட்சைச் சாறானாலும் சில மணி நேரத்தில் பொங்குகிறது, பிறகு புளிக்கிறது, இறுதியில் காடியாகிறது. அதை நமக்கு வேண்டிய இடத்தில் நிறுத்துவது எப்படி? இது உலகெங்கும் உழவர்கள் சந்தித்த கேள்வி.

இந்தக் கேள்விக்குப் போர்ச்சுக்கல் நாட்டவர் கண்ட விடைகளின் வரலாற்றை இங்கே காண்போம். மதுவைப் புகழ்வது நம் நோக்கமன்று. அந்த வரலாற்றின் உள்ளே வெப்பவியல் பாடம் ஒன்று முழுமையாக இருக்கிறது; அதில் ஒரு பகுதி சென்னைக்கு வந்த கப்பல்களிலேயே நடந்தது. அந்த உறவின் அடையாளம் நம் மொழியிலும் உண்டு. ஜன்னல், அலமாரி, சாவி ஆகியவற்றைப் போலவே ‘பீப்பாய்’ என்ற சொல்லும் போர்த்துக்கீசியர் நமக்குத் தந்ததுதான். அவர்கள் மொழியில் ‘பீப்பா’ என்பது மது ஊற்றி வைக்கும் பெரிய மரக்கலத்தின் பெயர்.

சாற்றுக்குள் ஓர் அடுப்பு

சாறு ஏன் பொங்குகிறது என்பது நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1857ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஆராய்ச்சிகளே, நொதித்தல் என்பது உயிருள்ள நுண்ணுயிர்களின் வேலை என்பதை நிலைநாட்டின. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. நுரை தள்ளுவது அந்த வாயுவினால்தான்.

இயற்பியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய மூன்றாவது விளைபொருள் ஒன்றும் உண்டு. அதுவே வெப்பம். நொதிக்கும் சாறு தனக்குள்ளேயே ஓர் அடுப்பை மூட்டிக்கொள்கிறது. சாற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவான சர்க்கரை நொதித்தால், வெப்பம் வெளியே போகாத நிலையில், சாற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 1.3 டிகிரி செல்சியஸ் உயரும். பழுத்த திராட்சையின் சாற்றில் சர்க்கரை நூற்றுக்கு 20 பங்குக்குக் குறையாது. எனவே முழுவதும் நொதித்து முடிவதற்குள் வெப்பநிலை 26 டிகிரி ஏற வேண்டும். 25 டிகிரியில் தொடங்கிய சாறு 50 டிகிரியைத் தாண்டிவிடும்!

ஆனால் அந்த அளவை எட்டுவதற்கு முன்பே ஈஸ்ட் தளர்ந்துவிடுகிறது. ஏறத்தாழ 40 டிகிரியை நெருங்கும்போது அது மடியத் தொடங்கும். அப்பொழுது சாறு பாதி இனிப்போடு நின்றுபோகும். அந்த இனிப்பை வேறு பாக்டீரியாக்கள் பற்றிக்கொள்ளும், எல்லாம் கெட்டுவிடும்.

அப்படியானால் பனங்கலயத்தில் மட்டும் ஏன் இந்தச் சூடு தெரிவதில்லை? ஒன்று, பனஞ்சாற்றில் சர்க்கரை திராட்சைச் சாற்றில் உள்ளதில் பாதி அளவே. மற்றொன்று, கலயம் சிறியது. ஒரு பாத்திரத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரு மடங்காக்கினால், அதன் கொள்ளளவு எட்டு மடங்காகிறது. ஆனால் வெப்பம் வெளியேறும் புறப்பரப்பு நான்கு மடங்கே ஆகிறது. எனவே பாத்திரம் பெரிதாகப் பெரிதாக, உண்டாகும் வெப்பம் வெளியேற வழியின்றித் திணறுகிறது. இந்த எளிய கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதை முழுவதும் இதைச் சுற்றியே செல்லும்.

கப்பலில் பழுத்த மது

அட்லாண்டிக் கடலில், ஆப்பிரிக்காவுக்கு மேற்கே மதெய்ரா என்ற சிறு தீவு இருக்கிறது. போர்த்துக்கீசியர் 1419ஆம் ஆண்டில் அங்கே கரையிறங்கினர். கரும்பும் திராட்சையும் பயிராயின. ஐரோப்பாவிலிருந்து தெற்கே செல்லும் கப்பல்கள் தண்ணீரும் உணவும் நிரப்பிக்கொள்ள அங்கே நின்றன. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களும் அங்கே நின்று, இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரர்களுக்காக மதுப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டன. அவற்றுள் பல சென்னைக் கோட்டைக்கு வந்து சேர்ந்தன.

அந்தப் பயணத்தை நிலவரைபடத்தில் பாருங்கள். மதெய்ராவிலிருந்து தெற்கே இறங்கி, நிலநடுக்கோட்டைக் கடந்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, மீண்டும் வடக்கே ஏறி, இரண்டாம் முறை நிலநடுக்கோட்டைக் கடந்தால்தான் சென்னை. பாய்மரக் கப்பலில் இதற்கு மாதக் கணக்கில் ஆகும். கப்பலின் அடித்தளத்தில், காற்றில்லாத புழுக்கத்தில், அலையில் ஆடியபடியே பீப்பாய்கள் கிடந்தன. சாதாரண மது இந்தச் சூட்டில் காடியாகிவிடும். அதைத் தடுக்க, 18ஆம் நூற்றாண்டில் பீப்பாய்களில் வடித்த சாராயம் கலந்து அனுப்பும் வழக்கம் பரவியது. ஆல்கஹாலின் அளவு நூற்றுக்கு 17 அல்லது 18 பங்குக்கு மேல் ஏறிவிட்டால் நுண்ணுயிர்கள் எளிதில் பிழைப்பதில்லை.

நுண்ணுயிர் அடங்கியதும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. வெப்பம் மதுவைக் கெடுக்கவில்லை, மாற்றியது. வேதிவினைகளின் வேகம் பொதுவாக ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது நீங்கள் படித்ததே. எனவே 15 டிகிரி நிலவறையில் எட்டு ஆண்டுகளில் நிகழும் மாற்றம், 45 டிகிரியில் ஓராண்டில் நிகழக்கூடும். பீப்பாயின் மரத் துளைகள் வழியே நுழைந்த ஆக்சிஜனும் சர்க்கரையும் வெப்பமும் சேர்ந்து, மதுவுக்குக் கருப்பட்டி நிறத்தையும் வறுத்த கொட்டையின் மணத்தையும் தந்தன. விற்காமல் திரும்பி வந்த பீப்பாய்கள் நிலநடுக்கோட்டை நான்கு முறை கடந்தவை. அவைதாம் மிகச் சிறந்தவை என்று பெயரெடுத்தன! அவற்றுக்குச் ‘சுற்றி வந்த மது’ என்று பொருள்படும் பெயரே ஏற்பட்டது.

ஒரு பீப்பாயைப் பழுக்க வைக்க உலகத்தைச் சுற்ற வேண்டுமா என்று வணிகர்கள் எண்ணினார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதெய்ராவிலேயே சூடான அறைகள் அமைக்கப்பட்டன. இன்று அங்கே பெரும்பகுதி மது 45 முதல் 50 டிகிரி வரையான சூட்டில் மூன்று மாதங்களுக்குக் குறையாமல் வைக்கப்படுகிறது. மேலான வகைகள் வெயில் படும் கூரையின் கீழ்ப் பரண்களில் பல ஆண்டுகள் கிடக்கின்றன. வங்கக் கடலுக்கு வந்த கப்பலின் அடித்தளத்தையே அவர்கள் ஓர் அறைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள் என்று சொல்லலாம்.

ஒரு பெண்மணியின் பண்ணை

இனிப் போர்ச்சுக்கலின் வட பகுதிக்குச் செல்வோம். அங்கே டோரோ என்ற ஆறு மலைகளைக் குடைந்துகொண்டு மேற்கு நோக்கி ஓடி, போர்த்தோ நகரத்தருகே கடலில் கலக்கிறது. ஆற்றின் இரு கரைகளிலும் பலகைப் பாறையை உடைத்து, படிப்படியாகச் சுவர் எழுப்பித் திராட்சை பயிரிட்டிருக்கிறார்கள். கோடையில் அந்தப் பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் வெப்பம் 40 டிகிரியையும் தாண்டும். 1756ஆம் ஆண்டில் பொம்பால் பிரபு என்ற அமைச்சர் இப்பகுதிக்கு எல்லை வகுத்தார்; பின்னர் எல்லைக் கற்களும் நடப்பட்டன. எந்த நிலத்து மது எந்தப் பெயரில் விற்கலாம் என்று அரசே வரையறை செய்த மிகப் பழைய வட்டாரங்களுள் இது ஒன்று.

இந்த வட்டாரத்தின் புகழ்பெற்ற ‘போர்ட்’ மதுவும் வெப்பச் சிக்கலுக்கு ஒரு விடையே. திராட்சையை அகலமான, ஆழமில்லாத கருங்கல் தொட்டிகளில் இட்டுக் காலால் மிதிப்பார்கள். தொட்டி ஆழமில்லாததால் புறப்பரப்பு அதிகம். வெப்பம் எளிதில் வெளியேறும். இரண்டு மூன்று நாட்களில் பாதிச் சர்க்கரை நொதித்ததும், வடித்த சாராயத்தை ஊற்றி நொதித்தலை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பாதி வேலையில் அடுப்பை அணைத்துவிடுவதால் சாறு மிகுதியாகச் சூடேறுவதில்லை. இனிப்பும் எஞ்சி நிற்கும்.

இங்கே 1811ஆம் ஆண்டு பிறந்தவர் அந்தோனியா அதெலாய்டு பெரெய்ரா. 1844இல், 33 வயதில், கணவரை இழந்தார். குடும்பத்தின் நிலங்களையும் வணிகத்தையும் தாமே ஏற்று, 1896இல் இறக்கும் வரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். பிலாக்ஸெரா என்னும் சிறு பூச்சி 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்து கொடிகளின் வேர்களைத் தின்று தோட்டங்களை அழித்தது. அமெரிக்க வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டும் முறையால்தான் அத்தொழில் பிழைத்தது. பலர் நிலத்தை விட்டு ஓடிய அந்தக் காலத்திலும் அந்தோனியா புதிய நிலம் வாங்கினார். பள்ளத்தாக்கின் கிழக்கு ஓரத்தில், மிகவும் வெப்பமான ஓரிடத்தில், 1877இல் அவர் வாங்கிய தரிசு நிலமே பின்னர் வாலே மெயாவ் என்ற பண்ணையாக உருவாயிற்று.

1952ஆம் ஆண்டின் பனிக்கட்டி

டோரோவின் திராட்சை முழுவதும் நெடுங்காலம் போர்ட் மதுவுக்கே சென்றது. சாராயம் கலக்காமல், சர்க்கரை முழுவதும் நொதித்து முடிந்த சாதாரணச் சிவப்பு மதுவை, நெடுநாள் வைத்துப் பேணக்கூடிய தரத்தில், அந்தக் கொதிக்கும் பள்ளத்தாக்கில் செய்ய முடியும் என்று யாரும் நம்பவில்லை. காரணம் உங்களுக்கு இப்போது விளங்கும். நொதித்தலைப் பாதியில் நிறுத்த முடியாது; கடைசி வரை ஓடவிட வேண்டும். அறுவடைக் காலத்திலேயே வெயில் கடுமை. அதன் மேல் உள்ளே எரியும் அடுப்பு!

பெரெய்ரா நிறுவனத்தின் மதுத் தேர்வாளராக இருந்தவர் பெர்னாண்டோ நிக்கொலாவ் டி அல்மெய்தா. (தூத்துக்குடிப் பக்கத்து வாசகர்களுக்குப் பெர்னாண்டோ என்ற பெயர் அந்நியமாகத் தோன்றாது. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையோடு போர்த்துக்கீசியருக்கு ஏற்பட்ட தொடர்பின் நினைவு அது.) அவர் பிரான்சின் போர்தோ பகுதிக்குச் சென்று, அங்கே சிவப்பு மது செய்யும் முறையைப் பார்த்து வந்தார். அதற்கு வேண்டியது வெப்பக் கட்டுப்பாடு என்று தெளிந்தார். வாலே மெயாவ் பண்ணையைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் அங்கே அன்று மின்சாரமே இல்லை. குளிர்பதன இயந்திரத்துக்கு எங்கே போவது?

அவர் செய்த காரியம் எளிமையானது. போர்த்தோவை ஒட்டிய கடற்கரை ஊரிலிருந்து பனிக்கட்டிப் பாளங்களை லாரியில் வரவழைத்தார். மலைப் பாதையில் அது ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அந்தப் பனிக்கட்டியைக் கொண்டு, நொதிக்கும் சாற்றைக் குளிர்வித்தார். உயரமான மலைப்பகுதியில் விளைந்த, புளிப்பு மிகுந்த திராட்சையையும் சேர்த்துக்கொண்டார். 1952ஆம் ஆண்டு அறுவடையில் இவ்வாறு உருவானதே ‘பார்க்கா வெல்யா’ என்னும் சிவப்பு மது. அதற்குப் ‘பழைய படகு’ என்று பொருள். அன்று முதல் இன்று வரை, சுமார் இருபது அறுவடைகள் மட்டுமே அந்தப் பெயருக்குத் தகுதி பெற்றிருக்கின்றன. பண்ணையோ அந்தோனியாவின் வழித்தோன்றல்களிடமே உள்ளது. அவர்கள் 1999ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து பண்ணையின் பெயரிலேயே ஒரு சிவப்பு மதுவை வெளியிட்டு வருகிறார்கள்.

எவ்வளவு பனிக்கட்டி தேவைப்படும்? நாமே கணக்கிடலாம். 1,000 லிட்டர் சாறு 26 டிகிரி ஏறுவதற்கான வெப்பம் ஏறத்தாழ 26,000 கிலோ கலோரி. ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு 80 கிலோ கலோரியை உள்ளுறை வெப்பமாக எடுத்துக்கொள்கிறது. உருகிய நீர் 25 டிகிரிக்கு ஏற மேலும் 25. ஆக 105. எனவே முழு வெப்பத்தையும் பனிக்கட்டியே ஏற்பதானால் சுமார் 250 கிலோ வேண்டும். தொட்டியின் சுவர் வழியாகவும் வெளியேறும் வாயுவின் வழியாகவும் ஒரு பகுதி வெப்பம் தானே போய்விடும் என்பதால், நடைமுறையில் இதைவிடக் குறைவே போதும். நீங்கள் கலோரிமானியில் செய்யும் கலவை முறைச் சோதனையைத்தான் அவர் லாரி அளவில் செய்தார்.

பனிக்கட்டியைத் தொலைதூரம் கொண்டு செல்வது நமக்கும் புதிதன்று. சென்னைக் கடற்கரையில் ‘ஐஸ் ஹவுஸ்’ கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1842இல் கட்டப்பட்டது, 1897இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படுகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியை, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் கொண்டுவந்து அங்கே சேமித்தார்கள். மரத்தூள் வெப்பத்தை எளிதில் கடத்தாது. பாளங்களை நெருக்கமாக அடுக்கும்போது புறப்பரப்பும் குறைகிறது. நாம் முன்பு கண்ட அதே கணக்கு, இம்முறை நமக்குச் சாதகமாக! மதுப் பீப்பாய் சூடேறிப் பழுத்த அதே கடற்பாதையில், பனிக்கட்டி பெரும்பகுதி உருகாமல் வந்து சேர்ந்தது.

நம்மூர்க் கலயம்

இப்பொழுது மீண்டும் சிற்றாற்றங்கரைக்கு வருவோம்.

சாராயம் ஊற்றி நிறுத்தியது ஒரு விடை. சுட்டுப் பழுக்க வைத்தது ஒரு விடை. குளிர்வித்துக் காத்தது மற்றொரு விடை. நம் பனையேறி கண்ட விடை எது? அவர் நொதித்தலைத் தொடங்கவே விடுவதில்லை. ஈஸ்ட்டுக்குச் சற்றுப் புளிப்பான சூழலே பிடிக்கும். நீற்றிய சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மை உடையதாக்குகிறது, ஈஸ்ட் முடங்குகிறது. சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் பொங்கிவிடும். மிகுந்தால் நாக்கு வெந்துவிடும். பருவத்துக்கும் வெயிலுக்கும் பாளைக்கும் ஏற்ப அந்த அளவு மாறும். அளக்கும் கருவி அவருடைய விரல் மட்டுமே.

அவருடைய குடும்பத்தின் வேலை அங்கே முடிவதில்லை. இறக்கிய பதநீரைப் பனையோலையும் விறகும் எரித்துக் காய்ச்சுகிறார்கள். 10 லிட்டர் பதநீரில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான் கருப்பட்டி கிடைக்கும். மீதி அனைத்தும் நீராவி. அந்த நீரைப் போக்குவதே சூட்சுமம். சர்க்கரை இறுகிய பொருளில் நுண்ணுயிருக்குக் குடிக்க நீர் கிடைப்பதில்லை. எனவே சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டி மாதக் கணக்கில் நிற்கிறது. பாஸ்டர் மதுவை 55 டிகிரி அளவில் சூடாக்கிக் கெடாமல் காக்கும் முறையை 1860களில் வகுத்தார். அதற்கு அவர் பெயரே நிலைத்தது. அதற்கு முன்பே தேரிக்காட்டிலும் சிற்றாற்றங்கரையிலும் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு யார் பெயரும் இல்லை.

இங்கே ஒரு வேறுபாடு நம் கண்ணை உறுத்துகிறது. அந்தோனியா பெரெய்ராவின் பிறந்த ஆண்டும், நிலம் வாங்கிய ஆண்டும், பனிக்கட்டி வந்த ஆண்டும் நமக்குத் தெரிகின்றன. பண்ணை எழுதி வைத்தது. புட்டியின் மேல் ஒட்டிய சீட்டு அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வீரகேரளம்புதூரிலும் பெருங்குடும்பம் ஒன்று வாழ்ந்ததுண்டு. ஊற்றுமலை ஜமீன்தார்கள் இங்கே இருந்தே ஆண்டனர். இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்து பாடினார். புலவரின் பெயரும் புரவலரின் பெயரும் நிலைத்துவிட்டன. அதே காலத்தில் இந்த மண்ணில் பனை ஏறியவர்களின் பெயர்களோ, அவர்கள் விரலளவாக அறிந்திருந்த சுண்ணாம்புக் கணக்கோ எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

பனை 1978ஆம் ஆண்டு முதல் நம் மாநில மரம். 2021இல் மாநில அரசு, மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என அறிவித்தது. மரத்தைச் சட்டம் காக்கலாம். ஏறத் தெரிந்த கால்களையும் தடவத் தெரிந்த விரலையும் சட்டத்தால் மட்டும் காத்துவிட முடியாது. நாளுக்கு இரண்டு முறை ஒவ்வொரு மரமும் ஏறி இறங்கும் இந்த வேலைக்கு இளைஞர்கள் வருவது அருகிவிட்டது. கற்பிப்பவர் மறைந்தால் பாடமும் மறையும்.

வரும் பனைப் பருவத்தில் ஒரு வேலை செய்யுங்கள். பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு சிவப்பு லிட்மஸ் தாளை வாங்கிக்கொண்டு, அதிகாலையில் பதநீர் இறக்குமிடத்துக்குச் செல்லுங்கள். புதுப் பதநீரில் அதை நனைத்துப் பாருங்கள். நீலமாக மாறினால் அதுவே சுண்ணாம்பின் கையெழுத்து. பிறகு பனையேறுபவரிடம், ‘அண்ணாச்சி, இந்த அளவு எப்படித் தெரியும்? வெயில் ஏறினால் கூட்டுவீர்களா, குறைப்பீர்களா?’ என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதுங்கள். மேலே தேதியையும், அவர் சம்மதித்தால் அவர் பெயரையும் எழுதுங்கள்.

போர்ச்சுக்கலின் பண்ணைகளிடம் இருந்து, நம்மிடம் இல்லாமற் போனது அந்த நோட்டு ஒன்றுதான்.